வெடிக்குப் படுத்தவள் நான்தான்

முந்தாநாள் நம்மட பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய படம் வந்தது. அஞ்சலோட்டத்தில் மூன்றாம் இடம் எடுத்த நாலு பேர், கையில் சான்றிதழோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். படத்தைப் போட்டவள் அந்த நாலு பேரில் ஒருத்தி. கீழே எழுதியிருந்தாள்: "வெடிக்குப் படுத்தவள எங்க காணல்ல?" அதற்குக் கீழே கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாய். ஒருத்தி மிச்சமில்லாமல் சிரித்திருந்தீர்கள்.

நான் பதில் போடவில்லை. அந்த நேரம் போட்டிருந்தால் வாயில் வரக்கூடாதது வந்திருக்கும். சீனி வருத்தத்துக்கும் பிறசருக்கும் குளிசை போடுகிற வயதுக்கு வந்துவிட்டோம், இன்னும் அந்தப் பகிடி உங்களுக்குப் பழசாகவில்லை. ஆகவே ஆற அமர இருந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். சிரித்தவர்கள் எல்லாரும் கடைசி மட்டும் வாசியுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் இதை என் பிள்ளைகளும் வாசிப்பார்கள். நாம் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தோம். டவுண் கிழக்கே, எழுவான்கரையில். அங்கே ஆமி, இங்கே இயக்கம், நடுவில் தண்ணீரும் வவுணதீவுச் சோதனைச் சாவடியும். அங்காலிருந்து வருகிற ஷெல் இஞ்சால விழும். ஹெலி வந்தால் வயலில் நிற்கிறவன் யார், மாடு எது என்று பார்க்காது. இதில் என்ன புதினம், எல்லாரும் அனுபவித்ததுதானே என்பீர்கள். அனுபவித்துவிட்டுத்தான் சிரிக்கிறீர்கள், அதுக்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

அம்மா எனக்கு எழுத்துப் படிப்பித்ததில்லை, அவவுக்கே கையெழுத்து மட்டும்தான் வரும். அவ படிப்பித்தது ஒன்றே ஒன்று, வெடி கேட்டால் படுக்க. நெல் அவிக்கிற கிடாரத்தின் மூடியை எடுத்து, நான் நினையாத நேரம் கல்லில் ஓங்கி அடிப்பா. சோறு தின்னும்போது அடிப்பா, தலை வாரி இழுக்கும்போது அடிப்பா. அடித்த கையோடு நான் குப்புற விழவேண்டும். முழங்கை ரெண்டும் நெஞ்சுக்குக் கீழ், கை காதைப் பொத்தவேண்டும், வாயைத் திறந்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் காது போய்விடும். பிந்தினால் முதுகில் ஒரு அடி விழும். சரியாக விழுந்தாலும் பாராட்டெல்லாம் இல்லை.

"வெடி கேட்டா விழு. ஆர் ஓடுறான், ஆர் அழுறான் எண்டு பாக்காத. நான் பேர் சொல்லிக் கூப்பிடுமட்டும் ஒழும்பாத."

இதுதான் சட்டம். நான் அதைக் கற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியும் உண்டு. ஒரு மாரிகாலம் வட்டைக்குள் அப்பாவுக்குச் சோறு கொண்டு போனோம். வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் ஊர்ச் சனம் எல்லாருடைய வயலும் ஒன்றாய்க் கிடக்கிற வெளி, ஒளிய ஒரு மரம் கிடையாது. மருத மரங்களுக்கு மேலால் ஹெலி திடீரென்று ஏறி வந்து சுட்டது. அம்மாவுக்கு முதல் நான் விழுந்துவிட்டேன். வரம்பு நெடுக மண் துள்ளியது, சோற்றுச் சட்டி சிதறியது, அடுத்த வயலில் நின்ற எருமை ஒன்று காலை உதைத்து உதைத்துச் செத்தது. அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எழும்பினேன். அவ என் முகத்துச் சேற்றை முந்தானையால் துடைத்தா. மறுகா வீட்டுக்கு வந்து புதுச் சோறு ஆக்கினா.

இனி ஓட்டத்துக்கு வாறன். சமாதானம் பேசிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச மாதம் நினைவிருக்கிறதா? வேட்டுச் சத்தம் இல்லாமல் விடிந்த காலம். டவுணிலிருந்து சீமெந்து வந்தது, மண்ணெண்ணெய் வந்தது, பற்றரி வந்தது. பள்ளிக்கூடங்களுக்கு விளையாட்டுப் போட்டியும் வந்தது. எங்களுக்கு விளையாட்டுப் படிப்பித்த சேர் மைதானத்து மாட்டுச் சாணியைக் கூட்டி அள்ளச் சொல்லி, சாம்பலால் கோடு போட்டு, எங்களை ஓடவிட்டார். ஓட்டம் தொடங்குவது விசிலில். பலகை ரெண்டைச் சேர்த்து அடிக்கிற வழக்கம் மற்ற ஊர்களில் இருந்ததாம். எங்கள் பக்கத்தில் அது ஏலாது. பலகைச் சத்தம் கேட்டால் அடுத்த வளவுச் சனம் பங்கருக்குள் இறங்கும் என்று சேரே சொல்லுவார். இதை மறந்துபோகாதீர்கள். அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

நான் ஓடினேன். என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை, அதையாவது ஒத்துக்கொள்ளுவீர்கள் என்று நினைக்கிறேன். விசிலுக்குக் காது குடுத்த மாத்திரத்தில் கால் போய்விடும். ஏன் அந்த வேகம் என்று இப்போதுதான் விளங்குகிறது, சத்தத்துக்கு உடம்பைக் குடுக்க நான் கிடாரத்து மூடியில் படித்தவள். சேர் தன் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு நாள் எங்கள் வீட்டுப் படலைக்கே வந்து, மாவட்டப் போட்டியில் முதல் ரெண்டு இடத்துக்குள் வந்தால் பிள்ளையைத் திருகோணமலைக்கு மாகாணப் போட்டிக்குக் கொண்டு போவார்கள், இவள் கட்டாயம் போவாள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

திருகோணமலை! நான் அதுவரைக்கும் வாவியைத் தாண்டியதே ரெண்டு தரம்தான், ஒன்று அமிர்தகழிக் கோயில் தீர்த்தத்துக்கு, மற்றது காய்ச்சலுக்கு. இரவில் படுத்தால் நூறு மீற்றர், விடிய எழும்பினால் நூறு மீற்றர். அம்மா தன் நீலச் சேலையொன்றை வெட்டி, கையால் தைத்து எனக்கு ஓடுகிற காற்சட்டை செய்தா. ஓட்டமென்றால் என்னவென்று அவவுக்கு அப்போது தெரியாது. பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று மட்டும் தெரியும்.

போட்டி நாள் வெள்ளன உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏறினோம். அம்மா கட்டித் தந்த பிட்டும் மீன் பொரியலும் மடியில். சாவடியில் இறக்கிவிட்டார்கள். பையெல்லாம் திறந்து காட்டவேண்டும். எல்லாம் ஒழுங்காய்த்தான் போனது, அஞ்சலோட்டக் கோல் வெளியே வரும்வரை. நம்மட சேர் தண்ணிக் குழாயை வெட்டி, சிவப்பு மை பூசிச் செய்த கோல். அதைக் கண்ட ஆமிக்காரனின் முகம் மாறிவிட்டது. குழாயை ஆட்டினான், மணந்தான், கண்ணை வைத்துப் பார்த்தான். சேர் இது பிள்ளைகள் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறது என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்ல, அவனுக்கு இன்னும் பயம் கூடிவிட்டது. பெரியவன் வந்து பார்க்குமட்டும் நில் என்று விட்டான். பெரியவன் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பெரியவன் அந்தக் குழாய்க்குள்ளால் எங்களை ஒருக்காப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு திருப்பிக் குடுத்தான்.

மைதானத்துக்குள் நாங்கள் நுழையும்போதே ஒலிபெருக்கியில் என் ஓட்டத்துக்குத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணி குடிக்கக்கூட விடாமல் சேர் என்னைப் பிடரியில் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கோட்டில் நிறுத்தினார். எனக்கு நாலாவது ஓடுபாதை. பக்கத்தில் நின்ற டவுண் பிள்ளைகள் காலில் சப்பாத்து, நான் வெறுங்கால். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் விரலை ஊன்றிக் குனிந்தேன். மறு அந்தத்தில் கட்டியிருந்த நாடா மட்டும்தான் தெரிந்தது.

விசில் வரும் என்று காத்திருந்தேன். வெடி வந்தது.

நான் விழுந்தேன் என்று சொல்லமாட்டேன், உடம்பு விழுந்தது. எனக்கு விளங்குமுன்னம் முழங்கை நெஞ்சுக்குக் கீழ், கை காதில், திறந்த வாய்க்குள் சுண்ணாம்பு. அந்த நேரத்தில் நான் ஓட்டத்தை நினைக்கவேயில்லை. அம்மா கூப்பிடட்டும் என்று கிடந்தேன். அம்மா வாவிக்கு அங்கால் நெல்லு வெட்டிக்கொண்டிருந்தா.

அப்படிக் கிடக்கும்போது கன்னம் மண்ணில், கண் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் எங்கள் சேர் நின்றார். நின்றார் என்றா சொன்னேன்? குந்தியிருந்தார். ரெண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு முழங்கால் மண்ணில். பிறகு மெல்ல அங்காலும் இங்காலும் பார்த்தார், எழும்பினார், காற்சட்டையைத் தட்டினார். அவரை வேறு யாரும் காணவில்லை. எல்லாருடைய கண்ணும் என்னில் இருந்தது.

சிரிப்பு தொடங்கியது. ஒலிபெருக்கியில் ஒருவர், நாலாம் பிள்ளைக்கு நித்திரை வந்திட்டுது போல, ஆராவது ஒரு தலகாணி குடுங்கோ என்றார். மைதானமே சிரித்தது. வெடித்த துவக்கோடு நின்ற விளையாட்டு அதிகாரி கிட்ட வந்து எழும்பச் சொன்னார். நான் எழும்பவில்லை, அவர் என் பேரைச் சொல்லவில்லையே. கடைசியில் சேர்தான் வந்து தோளில் பிடித்து இழுத்தார். "மானத்த வாங்கிட்டாயே" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. அவருடைய முழங்காலில் மண் அப்படியே ஒட்டியிருந்தது.

பைப்படியில் வாய் கொப்பளிக்கும்போது ஒரு டவுண் பிள்ளைதான் விசயத்தைச் சொன்னாள். காலையில் தொடக்க விழாவில் அறிவித்தார்களாம்: சமாதானம் வந்திட்டுது, ஆகவே இந்த முறை முகாமில் அனுமதி எடுத்து முறைப்படி துவக்கை வெடித்துத்தான் ஓட்டம் தொடங்கும் என்று. பிள்ளைகள் பயப்படாமல் இருக்க மூன்று தரம் வெடித்தும் காட்டினார்களாம். முதல் வெடிக்குத் தானும் படுத்தவள்தான், மூன்றாம் வெடிக்குப் பழகிவிட்டது என்றாள். நாங்கள் அந்த நேரம் சாவடியில் குழாயைக் காட்டிக்கொண்டு நின்றோம். சமாதானம் வந்ததென்று துவக்கைக் கொண்டு வந்த புத்தியை நான் எங்கே போய்ச் சொல்ல?

அஞ்சலோட்டத்தில் கடைசி ஆளாய் நான் ஓடவேண்டியது. இப்ப எனக்கு வெடி தெரியும், நான் விழமாட்டேன், ஓடவிடுங்கோ சேர் என்று கெஞ்சினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கோலை வேறு ஒருத்தியிடம் குடுத்தார். படத்தைப் போட்டவளே, எனக்குப் பதிலாய் நீ ஓடினாய், உன்னில் பிழையில்லை. ஆனால் வரும்போது மெசின் பெட்டியில் என் காதுக்குள் "டுமீல்" என்று கத்தியதும் நீதான். நான் திடுக்கிட்டுக் குனிய, பெட்டி முழுக்கச் சிரித்தீர்கள். படத்தைப் போடும்போது அது நினைவுக்கு வரவில்லையா?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்ன செய்தா தெரியுமா? கட்டிப் பிடித்துக்கொண்டா. சரியாத்தான் செய்திருக்காய் மகள், அந்தப் பக்கத்திலயும் மறக்காம விழுந்திருக்காய் என்று நெற்றியில் கொஞ்சினா. முதுகில் அடித்து அடித்துப் படிப்பித்த மனுசி முதல்முதலாகப் பாராட்டியது அன்றைக்குத்தான். எனக்கு வந்த கோபத்தில் சோற்றுக் கோப்பையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். "உங்களாலதான் நான் தோத்தன்" என்று கத்தினேன். அவவின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தும் கத்தினேன்.

மறுகா ஆறுதல் சொல்ல ஒவ்வொருவராய் வந்தார்கள். அதை நினைத்தால் இப்பவும் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, உயிரோட திரும்பி வந்தாய், அது காணும் மருமகள் என்றார். அடுத்த வளவு மாமி, இஞ்ச பிள்ளைகளப் பறிகுடுத்தவங்க எத்தின பேர், இவள் ஓட்டத்துக்கு அழுறாள் என்று வேலிக்கு மேலால் சொன்னா. வயல் காவலிலிருந்து வந்த அப்பா, விளையாட்டுத்தானே புள்ள என்று தலையைத் தடவிவிட்டுத் திரும்பவும் காவலுக்குப் போனார். அதிபர், வாற வருசம் பாப்பம் என்றார். வாற வருசம்! நாளைக்கு விடியுமா என்று தெரியாத ஊரில் இருந்துகொண்டு வாற வருசத்தை எனக்குத் தந்தார் அந்த மனிதர்.

இவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எனக்குச் சொல்லுங்கள், சண்டைக் காலத்தில் பிறந்த பிள்ளைக்குச் சின்னக் கவலைக்குக்கூட உரிமை இல்லையா? செத்தவர்களைக் கொண்டு வந்து என் ஓட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்த்தார்கள். அப்படி நிறுத்தால் எந்தப் பிள்ளையின் கண்ணீர்தான் நிறை காட்டும்? அழக்கூட வெட்கப்பட்டு, மாட்டுப் பட்டிக்குப் பின்னால் போய் அழுதேன். போன மாதம் என் கடைசிப் பெடியனைக் கிரிக்கெட்டுக்கு எடுக்காமல் விட்டபோது வீட்டுக்கு வந்தவர்களும் இதே வாயால், விளையாட்டுத்தானே தம்பி என்றார்கள். நான் அவர்களுக்குத் தேத்தண்ணி குடுக்காமலே அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் அம்மா பட்டிக்குப் பின்னால் வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினா. அழாதே என்று சொல்லவில்லை. ஓட்டமென்றால் எப்படி, கோடு எங்கே, நூறு மீற்றர் எவ்வளவு தூரம், எங்கட படலையிலிருந்து எது மட்டும், முதல் வந்தால் என்ன கிடைக்கும் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டா. நான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு சொல்லத் தொடங்கி நிறுத்த முடியவில்லை. திருகோணமலை சொன்னேன், ஒலிபெருக்கி சொன்னேன், தலகாணி சொன்னேன். சேர் குந்தியிருந்ததையும் சொன்னேன். அதற்கு முன்னம் அதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

"உங்கட சேரும் குந்தினவரா?" என்று கேட்டா.

"ஓம்."

"அவர ஆர் சிரிச்சது?"

"ஒருத்தரும் சிரிக்கல்ல."

அம்மா எழும்பி, தலையை முடிந்துகொண்டு நேரே சேரின் வீட்டுக்குப் போனா. அங்கே நடந்ததை அவவே பிறகு சொன்னா. போட்டி முடிஞ்சா முடிஞ்சதுதான், மேலிடத்தோடு கொழுவ எனக்கு ஏலாது, நான் உத்தியோகம் பார்க்கிறவன் என்று சேர் சொன்னாராம். விசிலில் ஓடப் பழக்கின நீங்கள், எங்கட பிள்ளைகள் வெடிக்கு விழுவாங்க எண்டு அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அம்மா கேட்டிருக்கிறா. போட்டியை நடத்தினவர்களின் கந்தோர் இருக்கிற இடத்தை மட்டும் சேர் சொன்னாராம்.

அறுவடை நேரம் ஒரு ஓட்டத்துக்காகக் கந்தோருக்குப் போறியா, உனக்கு விசரா என்று மாமா சத்தம் போட்டார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த நாள் என்னைக் கூட்டிக்கொண்டு சாவடி தாண்டி டவுணுக்கு வந்தா. ஐயா கூட்டத்தில் என்றார் பியோன். விறாந்தையில் கிடந்த வாங்குப் பலகையில் இருந்தோம். எங்களைப்போல எதற்கோ காத்திருந்த சனம் விறாந்தை நிறைய. பசிக்க, அம்மா வெளியே போய்க் கச்சான் கடலை வாங்கி வந்தா, தடித்த மண்ணிறக் கடதாசிப் பையில். நான் தின்று முடித்து, பையை அவவின் கையில் குடுத்து, பிறகும் எவ்வளவோ நேரம் போனபின்தான் உள்ளே கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் மைதானத்தில் துவக்கு வெடித்த அதே அதிகாரி. என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். ஆ, நித்திரை கொண்ட பிள்ளையா என்று சிரித்தார். அம்மா நின்றபடியே சொன்னா: எண்ட புள்ள வேகத்தில தோற்கல்ல ஐயா. அந்தப் புள்ளைகள் வெடிக்குப் பழகி நிண்டதுகள், இவள் பழகல்ல. அதே புள்ளைகளோட ஒருக்கா ஓட விடுங்க. தோத்தா நாங்க பறையாமப் போறம். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். காலையில் அறிவித்தோம், பிந்தி வந்தது உங்கள் பிழை, முடிவு முடிவுதான், பட்டியலும் திருகோணமலைக்குப் போய்விட்டது என்றார். பிறகு குரலைத் தணித்து, இதையெல்லாம் பெரிசா எடுக்காதீங்க அம்மா, விளையாட்டுத்தானே என்றார்.

அம்மா கையிலிருந்த வெறும் பையை வாய்க்குக் கொண்டுபோய் ஊதினா. அதிகாரி இந்த மனுசிக்கு என்ன பிடித்தது என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பையின் வாயை முறுக்கிப் பிடித்து, மற்றக் கையால் ஓங்கி ஒரு அடி.

அந்தச் சின்ன அறைக்குள் அது கைக்குண்டு மாதிரிக் கேட்டது. நான் நிலத்தில் கிடந்தேன், சொல்லத் தேவையில்லை. மேசைக்குக் கீழால் பார்த்தேன். அதிகாரி அந்தப் பக்கத்தில் நாலு காலில் கிடந்தார், கதிரை கவிழ்ந்திருந்தது, கண்ணாடி கழன்று அவர் கைக்குப் பக்கத்தில். ரைப் அடிக்கிற அக்கா அலுமாரிக்குப் பின்னால். வாசலில் பியோன் குப்புற. விறாந்தையில் காத்திருந்த சனம் அவ்வளவும் தரையில், ஒரு தலைகூட மேலே இல்லை. வெடித்த அம்மாவே குனிந்துபோய்த்தான் நின்றா.

வாசல் காவலுக்கு நின்ற ஆமிப் பெடியன் துவக்கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். அவனுடைய முழங்கால் ரெண்டிலும் மண். அம்மா கிழிந்த கடதாசியை உயர்த்திக் காட்டினா. உயர்த்தின கையை இறக்கவில்லை. அவன் கடதாசியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், சிங்களத்தில் என்னவோ ஏசிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு போனான். அவன் பயத்தில் ஒரு விரலை அசைத்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

அதிகாரி மேசையைப் பிடித்து எழும்பினார். நெற்றியெல்லாம் வேர்வை. கோபத்தில் குரல் கிறீச்சிட்டது.

"என்ன வேலை பாத்தாய்? அவன் சுட்டிருந்தானெண்டா? இது விளையாட்டில்ல அம்மா."

"ஓம் ஐயா," என்றா அம்மா. "அதச் சொல்லத்தான் நானும் வந்தன்."

அதன்பிறகு அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார். முதல் தரமாக என் பேரைக் கேட்டார். நான் சொல்ல, ஒரு துண்டில் எழுதினார். பட்டியல் போனது போனதுதான் பிள்ளை, மாற்ற எனக்கு அதிகாரமில்லை, இனி எந்தப் போட்டிக்கும் விசில்தான் என்றார். இவளுக்கு அதால என்ன என்று அம்மா கேட்டா. அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பெரிய மனிதர் தலை குனிந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். ஆனால் உங்களுக்கு உண்மை சொல்லவேண்டும், அது எனக்குக் காணவில்லை. எனக்கு ஓட வேண்டும்.

திரும்பி வருகிற வழி நெடுக அம்மா ஏசிக்கொண்டே வந்தா. துவக்குக் கொண்டு வந்தவனை, குழாயைப் பிடித்து வைத்தவனை, தலகாணி கேட்டவனை, குந்தியிருந்துவிட்டுப் பிள்ளையை இழுத்தவனை, ஒருத்தரையும் விடவில்லை. சாவடி வரிசையில் நிற்கும்போதுகூட மெல்லிய குரலில் ஏச்சு நடந்தது. எனக்கு அழுகை வந்தது. சனம் பார்க்கிறதே என்று வாயைப் பொத்தினேன். அவ என் கையை எடுத்துவிட்டா.

"அழு. நீ தோத்ததுக்கு அழல்ல, உன்னத் தோக்க வெச்சதுக்கு அழுறாய். ஆரும் கேட்டா நான் சொல்லுறன்."

அழுதேன். பாலத்தில் அழுதேன், ஊர் மட்டும் அழுதேன். அவ்வளவு நிம்மதியாக நான் அதற்குமுன் அழுததில்லை. இந்த வயதில் நினைத்துப் பார்க்கிறேன், நெல்லு வெட்டுக் கூலியை விட்டுவிட்டு, துவக்குக்கு முன்னால் கடதாசிப் பையோடு நின்ற அந்த மனுசியைத்தான் நான், உங்களால தோத்தன் என்று ஏசியிருந்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

சித்திரையோடு சமாதானம் முறிந்தது. அந்த முறை எந்தப் பிள்ளை திருகோணமலைக்குப் போனது, எப்படி ஓடியது என்று நாங்கள் அறியவேயில்லை. பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த சனம் வந்து இருந்தது, மைதானத்தில் கூடாரம் அடித்தார்கள். நான் பிறகு ஒரு ஓட்டமும் ஓடவில்லை.

முறிந்த பிறகு வந்த முதலாவது ஷெல் ஒரு காலையில் வந்தது. மாமா அரிசி கொண்டு வந்து முற்றத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார். அங்கால் கோயில் பக்கம் விழுந்த சத்தத்துக்கு எல்லாரும் நிலத்தில் விழுந்தோம், நான்தான் முதலில். ரெண்டாவது இன்னும் கிட்ட விழுந்தது. கூரை ஓடு உடைந்து முதுகில் கொட்டியது. மாமாவுக்குப் பயம் வந்தால் பகிடி வரும். மண்ணில் முகத்தை வைத்தபடியே என் பக்கம் பார்த்து, "பாத்தியா மருமகள், இண்டைக்கு நீதான் முதலாமிடம்" என்றார்.

அம்மா எனக்கு மேலே பாதி கவிழ்ந்து கிடந்தா. அவவின் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. மூன்றாவது ஷெல் கூவிக்கொண்டு வருகிற நேரம் தலையை மட்டும் உயர்த்தி, அண்ணனைப் பார்த்துச் சொன்னா:

"வாயப் பொத்துங்க அண்ணே. அவளுக்கு இந்த முதலாமிடம் வேணாம். அவள் நூறு மீற்றருக்குப் போன புள்ள."